ஊரார் நடிக்கும் நாடகம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

 

காலை முதல் இம்முகாமில் ஏரி மராமத்தைப் பற்றியும், குடிநீரைப் பற்றியும், விதைத் தேர்வைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டோம். இவை யாவும் ஊருக்கு இன்றியமையாதவை. இவற்றுக்குப் பின் நாங்கள் எழுந்து நாடகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், ‘வேலை முடிந்தது, இனி வேடிக்கை’ என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நாங்கள் வேடிக்கையைப் பற்றிப் பேச வரவில்லை. ஏரிக் கால்வாயைத் தூர் வார நாற்பது பேர் ஒன்றுகூட வேண்டும். அந்த நாற்பது பேரும் அதற்கு முன்னர் எங்கே ஒன்றுகூடிப் பழகினார்கள்? இக்கேள்வியைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். இதற்குப் பல விடைகள் இருக்கலாம். எங்கள் அனுபவத்தில் கண்ட விடை ஒன்று உண்டு: ஊரார் தாமே நடிக்கும் நாடகத்தின் ஒத்திகையில் அவர்கள் பழகினார்கள் என்பதே அது.

ஆண்டுதோறும் திருவிழாக் காலம் நெருங்கும்போது, ‘இந்த ஆண்டு எந்தக் கச்சேரியை அழைப்பது?’ என்னும் பேச்சு ஊர்தோறும் எழுகிறது. தலைக்கட்டு வரி போட்டுத் திரட்டிய பணத்தில் ஒரு பெரும்பகுதி ஓர் இரவில் செலவாகிறது. மறுநாள் காலையில் பந்தல் பிரிக்கப்படுகிறது; வந்தவர்கள் வண்டி ஏறிப் போய்விடுகிறார்கள். ஊரார் பார்த்தார்கள், கைதட்டினார்கள், அவ்வளவே. அந்தப் பணத்தில் சிறு பகுதியையும், தங்கள் மாலை நேரத்தில் ஒரு பங்கையும் கொண்டு ஊராரே ஒரு நாடகம் போட்டால் விளையும் பயன் என்ன என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தொழிற்கலைஞரும் ஊராரும்

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். தெருக்கூத்து ஆடுவோர், இசை நாடகக் கலைஞர்கள், தோற்பாவைக் கூத்தினர் ஆகியோர் கலையையே வாழ்வாகக் கொண்டவர்கள். வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பதும், இரவில் கூத்து நடப்பதும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழ்வதும் உங்களுக்குத் தெரியும். விடிய விடிய ஆடிப் பாடும் அக்கலைஞர்களின் தேர்ச்சியை ஏர் பிடிக்கும் நாம் நாற்பது நாளில் அடைந்துவிட முடியாது. அவர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தை நிறுத்திவிட்டு நாமே ஆடிக்கொள்வோம் என்பது எங்கள் கருத்தன்று. அவர்கள் நாடகத்தின் பயன் மேடையில் விளைகிறது. ஊரார் நாடகத்தின் பயனோ பெரும்பாலும் மேடைக்கு முன்பே, ஒத்திகையிலேயே விளைந்துவிடுகிறது. இரண்டும் வேறு, ஒன்றுக்கொன்று பகை அல்ல.

தொழிலுக்காக அன்றி விருப்பத்துக்காக நடிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர்களுள் முதல்வர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. ‘கூத்தாடி’ என்ற சொல் வசைச் சொல்லாக வழங்கிய காலம் அது. பின்னாளில் அவர் வழக்கறிஞரானார், நீதிபதியாகவும் அமர்ந்தார். ஆயினும் மேடையை விட்டாரில்லை. ஏறத்தாழ 90 நாடகங்களை எழுதினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பகலில் தத்தம் பணியைச் செய்து, மாலையில் அச்சபையில் வேடம் புனைந்தனர். 1959இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. நடிப்பது இழிவன்று என்பதைச் சொற்பொழிவால் அன்றித் தாமே நடித்து நிலைநாட்டினார்கள் அவர்கள். பட்டணத்தில் அவர்கள் செய்ததை நம் ஊர்ப்புறங்களிலும் இளைஞர்கள் தம்மளவில் செய்து வந்தனர். வாத்தியார் ஒருவரை அமர்த்திப் பாடம் கேட்டு, படுதாவும் உடையும் வாடகைக்கு எடுத்து, பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியில் நடித்த நாடகங்களை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் ஊரில் நிகழ்ந்தது

எங்கள் ஊரின் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறோம். ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இது உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

எங்களுடையது ஏரிப் பாசன ஊர். இரண்டு தெருக்களும், சற்றுத் தள்ளி ஒரு காலனியும் உண்டு. சம்பா அறுவடை முடிந்தபின் பங்குனியில் நாடகம் நடப்பது நெடுநாள் வழக்கம். நடிப்பவர்கள் இரு தெருக்காரர்கள் மட்டுமே. காலனி மக்கள் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் உண்மையை மறைத்துப் பயன் இல்லை. ஓர் ஆண்டு மேடையில் முதல் மாலை எந்தத் தெருவின் பெரியவருக்கு என்பதில் சச்சரவு எழுந்தது. அத்துடன் நாடகம் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் ஊரில் நாடகம் இல்லை.

நாடகத்தோடு வேறு சிலவும் நின்றன. கால்வாய்க்கு ஆள் போடும் வழக்கம் நின்றது. ‘அவர்கள் வரட்டும், பிறகு நாங்கள் வருகிறோம்’ என்று இரு தெருவும் சொல்லின. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. நாடகம் நின்றதால்தான் இவை நின்றன என்று நாங்கள் வாதிடவில்லை. ஒரே நோயின் அறிகுறிகள் இவை என்றே கருதுகிறோம்.

பின்னர் எங்களுள் ஐவர் கூடினோம். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் தையற்காரர், ஒருவர் தபால் ஊழியர், மற்ற இருவர் உழவர்கள். நாடகத்தை மீண்டும் தொடங்குவதென்றும், ஒத்திகையைக் கோயில் மண்டபத்தில் வையாமல் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வைப்பதென்றும், வர விரும்புவோர் எவரும் வரலாம் என்றும் முடிவு செய்தோம். எடுத்துக்கொண்டது அரிச்சந்திரன் கதை. அனைவர்க்கும் தெரிந்த கதையாதலால் பாடம் எளிதாக இருக்கும் என்று எண்ணினோம். எளிதாக இருக்கவில்லை.

எங்களுள் மிக நல்ல குரல் உடையவர் காலனியைச் சேர்ந்த ஒரு கட்டடத் தொழிலாளி. அவருக்கே அரிச்சந்திரன் வேடம் என்றோம். ‘அரச வேடம் அவருக்கா?’ என்று முணுமுணுப்பு எழுந்தது. அது ஒரு புறமிருக்க, மற்றோர் இடர் வந்தது. அரசன் அடிமைப்பட்டுச் சுடுகாட்டில் பணி செய்யும் பகுதியில் அவனுக்கு எசமானனாக வருபவன் சுடுகாட்டுத் தலைவனாகிய வீரவாகு. அவ்வேடத்தை ஏற்கத் தெருக்காரர் எவரும் முன்வரவில்லை. ‘வழக்கப்படி காலனியிலிருந்தே ஒருவர் போடட்டும்’ என்றார்கள். அதற்குக் காலனிப் பெரியவர் ஒருவர் அமைதியாக விடை கூறினார்: ‘ஐயா, அந்த வேலையை எங்கள் அப்பன் பாட்டன் காலமாகச் செய்துவருகிறோம். மேடையிலும் நாங்களே செய்ய வேண்டுமா?’

அன்று இரவு ஒத்திகை நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. நாடகம் இரண்டாம் முறையும் நின்றுபோகும் என்றே அஞ்சினோம். மூன்றாம் நாள் மேலத்தெரு உழவர் ஒருவர் தாமே வந்து, ‘அந்த வேடத்தை எனக்குக் கொடுங்கள்’ என்றார். அவருக்கு அப்போது வயது அறுபதை எட்டியிருந்தது. ஏன் ஏற்றார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொழிலின் நடையும் பேச்சும் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்வதற்காக அந்தக் காலனிப் பெரியவரின் வீட்டுக்கே சென்று, திண்ணையில் அமர்ந்து பல மாலைகள் கேட்டறிந்தார். நாடகம் முடிந்தபின் ஒரு நாள் எங்களிடம் சொன்னார்: ‘இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தேன். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் உட்கார்ந்தது இந்த வயதில்தான்.’

நாடக இரவில் கயிறு கட்டவில்லை. நாற்காலியும் போடவில்லை, அனைவர்க்கும் பாய்தான். மாலை மரியாதை எவர்க்கும் இல்லை. சில குடும்பங்கள் வரவில்லை. அவற்றுள் சில அடுத்த ஆண்டு வந்தன. சில இன்னும் வரவில்லை. ஒரு நாடகத்தால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாங்கள் கூறமாட்டோம். அப்படிக் கூறினால் அது பொய். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கடைமடைத் தண்ணீரைப் பற்றிய கூட்டம் கூடியபோது, வழக்கம்போல் கலைந்து போகவில்லை. நாற்பது இரவுகள் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பழகியவர்கள் அக்கூட்டத்தில் பதினைந்து பேருக்குமேல் இருந்தார்கள். அவர்கள் அங்கும் காத்திருந்தார்கள். அந்தக் கோடையில் கால்வாய்க்கு மூன்று இடத்திலிருந்தும் ஆள் வந்தது.

ஒத்திகை என்னும் பள்ளி

இதிலிருந்து நாங்கள் அறிந்தது யாது? ஒத்திகை ஒரு பள்ளிக்கூடம். அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடம் பேசுவதன்று, கேட்பது. எதிரே நிற்பவர் தம் வசனத்தை முடிக்குமுன் நாம் வாய் திறந்தால் நாடகம் கெடும். அவர் மறந்துவிட்டால் நாம் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஏனெனில் அவர் தோற்றால் நாமும் தோற்போம். ஊர்க் கூட்டங்களில் நம்மிடம் குறைவாக உள்ளது இந்தப் பழக்கமே அன்றோ?

இரண்டாம் பாடம் துணிவு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் செவி வழியாக நூறு வரி மனப்பாடம் செய்து, ஆயிரம் பேர் முன் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுகிறார். அவ்வாறு பேசியவர் அதன்பின் வட்டார அலுவலகத்தில் அதிகாரியின் மேசை முன் நின்று குரல் தாழ்ந்து தடுமாறமாட்டார்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்பதை அறிவீர்கள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்குடன், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022 முதல் சேர்க்கப்பட்டன. கூட்டத்துக்கு நாள் குறிப்பது எளிது. அங்கே எழுந்து பேச மக்களைப் பழக்குவது அரிது. பெண்களுக்கு இது இன்னும் அரிது. ஊரக உள்ளாட்சிப் பதவிகளில் பாதி மகளிர்க்கு என்று நம் மாநிலத்தில் 2016இல் சட்டம் செய்யப்பட்டது. 2019 டிசம்பரில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் பதவியில் இருப்பவர் மனைவி, பேசுபவர் கணவர் என்ற நிலையைப் பல இடங்களில் நாம் கண்டதுண்டு.

எங்கள் நாடகத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் சந்திரமதி வேடத்தை ஆண்பிள்ளையே போட்டார். மூன்றாம் ஆண்டு மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார் முன்வந்தார். அவர் வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது. மாமியார் தாமும் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னபின் அது தீர்ந்தது. அந்த அம்மையார் பின்னர்க் கிராம சபையில் எழுந்து, தெருவிளக்குக் கணக்கில் ஓர் இனத்தைக் குறித்துக் கேள்வி கேட்டார். குரல் நடுங்கவில்லை. விடை வரும்வரை உட்காரவும் இல்லை. மேடை அவருக்குக் கொடுத்தது நடிப்புத் திறமை மட்டுமன்று.

மூன்றாம் பாடம் கணக்கு. உடை வாடகை, ஒலிபெருக்கி, தேநீர், வாத்தியார் ஊதியம் என்று ஒவ்வொரு ரூபாயையும் எழுதி, நாடகம் முடிந்த வாரமே பள்ளிச் சுவரில் ஒட்டினோம். சிறு தொகைதான். ஆயினும் பொதுப் பணத்தின் கணக்கை ஊர் அறிய வைப்பது எங்கள் ஊரில் அதுவே முதல் முறை. அதைப் பார்த்தபின் மற்றக் கணக்குகளையும் மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். அது சிலருக்குச் சங்கடமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஹெக்கோடு என்னும் சிற்றூர்

‘இது ஏதோ ஓர் ஊரின் கதை, இதனால் பெரிதாக என்ன வளரும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நம் அண்டை மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைக் காட்டுகிறோம்.

கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் நகருக்கு அருகே ஹெக்கோடு என்ற ஊர் உள்ளது. மழை மிகுந்த மலைநாடு. பாக்குத் தோட்டங்களே வாழ்வு. 1949இல் அவ்வூரார் தங்கள் ஊர்த் தெய்வமாகிய நீலகண்டேசுவரரின் பெயரால் ஒரு நாடகச் சங்கம் அமைத்தனர். அதன் பெயரைச் சுருக்கி ‘நீநாசம்’ என்று வழங்குகின்றனர். தொடக்கத்தில் அது நம் ஊர்ச் சங்கங்களைப் போன்றதே. மைசூரில் கல்லூரிப் படிப்பை முடித்த கே. வி. சுப்பண்ணா என்னும் இளைஞர் பட்டணத்தில் வேலை தேடாமல் ஊருக்குத் திரும்பினார். தோட்டத்தைக் கவனித்துக்கொண்டே சங்கத்தையும் வளர்த்தார்.

வளர்ச்சி ஒரே நாளில் வரவில்லை. தொடங்கி 23 ஆண்டுகள் கழித்து, 1972இல்தான் அரங்கக் கட்டடம் எழுந்தது. அதற்குக் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு திரைப்படச் சங்கம் தோன்றியது. உலகின் சிறந்த படங்களைத் தோட்டத் தொழிலாளரும் உழவரும் பார்த்து, அவற்றைப் பற்றி உரையாடினார்கள். 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1985இல் ‘திருகாட்ட’ என்னும் பயணக் குழு ஏற்பட்டு, கர்நாடகத்தின் ஊர்களுக்கும் நகரங்களுக்கும் ஆண்டுதோறும் நாடகங்களைக் கொண்டு சென்றது. 1991இல் சுப்பண்ணாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. 2005இல் அவர் மறைந்தார், நிறுவனம் மறையவில்லை.

இதில் நாம் கருத வேண்டியது விருது அன்று. சிற்றூரார்க்கு எளிய பொழுதுபோக்கே போதும், உயர்ந்த கலை பட்டணத்தார்க்கே உரியது என்னும் எண்ணத்தை அவ்வூர் ஏற்கவில்லை. வடமொழி நாடகங்களையும், ஷேக்ஸ்பியர், பிரெக்ட் போன்ற மேனாட்டு ஆசிரியர்களின் நாடகங்களையும் கன்னடத்தில் நடித்தார்கள், ஊரார் பார்த்தார்கள், விவாதித்தார்கள். பட்டணத்துக்குச் சென்று கலை கற்பதே வழக்கமாயிருக்க, கலை கற்பதற்காகப் பட்டணத்து இளைஞர்கள் அச்சிற்றூருக்கு வரலானார்கள். நம் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். அவர்கள் தங்குவதற்கு, அல்லது திரும்பி வருவதற்கு, வயலைத் தவிர வேறு என்ன காரணத்தை நாம் வைத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யார் நடிக்கலாம், எதை நடிக்கலாம்

எங்கள் ஊரில் எழுந்த ‘யார் நடிக்கலாம்?’ என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் தென்பகுதியில், மலையடிவாரத்தில், ஓபராம்மர்காவ் என்னும் ஊர் உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 5,000. 1633இல் கொள்ளைநோய் பரவியபோது, நோய் நீங்கினால் ஏசுநாதர் பாடுபட்ட வரலாற்றைத் தொடர்ந்து நாடகமாக நடத்துவதாக அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். மறு ஆண்டு, 1634இல் முதல் நாடகம் நடந்தது. அன்று தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை அது நடந்து வருகிறது. 2020இல் நடக்கவேண்டியது கொரோனாத் தொற்றால் தள்ளி வைக்கப்பட்டு 2022இல் நடந்தது. நடிப்பவர்கள் தச்சரும் கடைக்காரரும் மாணவருமாகிய ஊராரே. நாடகத்துக்கு முந்திய ஆண்டிலேயே அவர்கள் முடியும் தாடியும் வளர்க்கத் தொடங்கிவிடுவர். அவ்வூரில் பிறந்தவர் அல்லது 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்க்கே நடிக்கும் உரிமை உண்டு.

இத்தகைய பெருமை வாய்ந்த ஊரிலும், திருமணமான பெண்களும் 35 வயதைக் கடந்த பெண்களும் நடிக்கக்கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. பெண்கள் நீதிமன்றம் சென்றனர். 1990இல்தான் அத்தடை நீங்கியது. பின்னர்ப் பிற சமயத்தாருக்கும் வழி திறந்தது. 2022இல் முக்கிய வேடங்களுள் ஒன்றாகிய யூதாசு வேடத்தை ஏற்றவர் ஓர் இசுலாமிய இளைஞர். மேலும், அந்நாடகத்தின் பழைய ஏட்டில் யூத மக்களை இழித்துக் காட்டும் பகுதிகள் இருந்தன. அவற்றைக் குறித்து உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஊரார் முதலில் தயங்கினர். பின்னர்ப் படிப்படியாகத் திருத்தினர். பழைமையைக் காப்பது என்பது பழைய குற்றங்களையும் காப்பது அன்று என்பதை அவ்வூர் சிறிது சிறிதாகவே கற்றது.

நமக்கும் இப்பாடம் வேண்டும். நம் ஊர்ப் பழைய நாடகங்களில் பபூன் பேசும் நகைச்சுவையை நினைத்துப் பாருங்கள். ஒரு சாதியாரைக் கேலி செய்வதும், பெண்களை இழித்துரைப்பதும், உடற்குறை உள்ளவரைப் பழிப்பதும் அவற்றில் இல்லையா? கூட்டம் சிரிக்கிறது என்பதால் அது குற்றமற்றது ஆகிவிடாது. சிரிக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். ஊரார் நாடகத்தில் இதைத் திருத்துவது எளிது; ஏனெனில் அவர் நம்மோடு ஒத்திகையில் இருக்கிறார்.

செய்ய வேண்டுவன

இனி, நாடகம் தொடங்க விரும்பும் ஊர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில கூறுகிறோம்.

அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு 2 மணி நேரமாக நாற்பது இரவுகள் போதும். ஒத்திகை எல்லாரும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தில் நடக்கட்டும். இந்த ஒன்றில் தவறினால் மற்ற எதனாலும் ஈடு செய்ய முடியாது.

நாடகம் 2½ மணி நேரத்துக்குள் அமையட்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சிறப்பு அனுமதி பெறாதவரை, மாலை 7 மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிப்பதே முறை. மறுநாள் வேலைக்குச் செல்வோர்க்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது. காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். மின் இணைப்பைத் தெரிந்தவரைக் கொண்டே அமையுங்கள். ஈரத் தரையில் கம்பி கிடக்க விடாதீர்கள்.

பிறர் எழுதிய நாடகமானால் ஆசிரியரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இசைவு பெற வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தால் இசைவு வேண்டுவதில்லை. 1964இல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் இப்போது அவ்வகையைச் சேர்ந்தவை. ஊரிலேயே எழுதக்கூடியவர் இருந்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை.

அருகிலுள்ள கூத்துக் கலைஞர் ஒருவரையோ இசை நாடகக் கலைஞர் ஒருவரையோ வாத்தியாராக அமர்த்தி, உரிய ஊதியம் கொடுங்கள். அவருக்கு வருவாய்; நமக்குக் கல்வி. ஊராருக்கும் தொழிற்கலைஞருக்கும் இடையே இருக்க வேண்டிய உறவு இதுவே.

ஊராட்சி மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இடம், விளக்கு, குடிநீர் ஆகிய மூன்றையும் கொடுங்கள். வசனத்தை மட்டும் கொடுக்காதீர்கள். திட்டங்களின் பெயர்களையும் முழக்கங்களையும் பாத்திரங்களின் வாயில் திணித்தால், அது நாடகம் ஆகாது; அறிவிப்புப் பலகையாகிவிடும். சில வேளை ஊராட்சியின் குறையையே மேடையில் காட்டுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மொட்டைக் கடிதமாக வருவதைவிட மேடையில் வருவது நல்லது. கேட்டபின் அக்குறையைத் தீர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்தக் காட்சிக்கு இடமே இராது.

முடிவாக ஒன்று. முதல் ஆண்டு நாடகம் நன்றாக அமையாது. ஒருவர் வசனம் மறப்பார். மீசை கழன்று விழும். படுதா பாதியில் நிற்கும். எங்கள் முதல் நாடகத்தில் சுடுகாட்டுக் காட்சியின்போது நாய் ஒன்று மேடையேறி, அரிச்சந்திரன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. காட்சி முடியும்வரை எழவில்லை. கூட்டம் சிரித்தது, எங்களுக்கு அவமானமாக இருந்தது. இன்று அதை நினைத்து நாங்களே சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் இரு தெருவும் காலனியும் சேர்ந்திருக்கின்றன. விலை கொடுத்து அழைத்த எந்தக் கச்சேரியைப் பற்றியும் எங்கள் ஊரில் இத்தனை ஆண்டுகள் எவரும் பேசியதில்லை.

ஆகவே, வரும் திருவிழாவுக்கு எந்தக் கச்சேரியை அழைப்பது என்று உங்கள் ஊரில் பேச்சு எழும்போது, ‘நாமே ஒன்று நடித்தால் என்ன?’ என்று ஒருவராவது கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கு முதல் வேடத்தைக் கொடுங்கள். ஒத்திகை தொடங்கட்டும்.